குடியிருப்பவர்கள் மேல் போட்ட பழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் இதழின் வீட்டுமனை இணைப்பில், மின்சாரத்தையும் நீரையும் மிச்சப்படுத்தும் வகையில் கட்டப்படும் பசுமைக் கட்டடங்கள் பற்றி வந்த கட்டுரையில், குடியிருப்பவர்களின் அக்கறையின்மையால்தான் இத்தகைய அடுக்குமாடிகள் பயனற்றுப் போகின்றன என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாசித்து வருபவன் என்ற முறையில், அந்த ஒரு வரி என்னை எவ்வளவு புண்படுத்தியது என்பதைத் தங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சென்னையின் தென்புறநகரில், 84 வீடுகள் கொண்ட குடியிருப்பொன்றில் 2016 முதல் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகள் சங்கச் செயலாளராகவும் இருந்தேன். பசுமைக் கட்டடம் என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றார்கள். அதற்காகச் சதுர அடிக்குக் கூடுதல் விலையும் கொடுத்தோம். குடிவந்த முதல் கோடையிலேயே, மேற்குப் பார்த்த வீடுகளில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் உட்கார முடியவில்லை. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்தவர்கள், அதற்கு மேல் ஓரடி சன்ஷேடு கூட வைக்கவில்லை. திருவாரூர் அருகே என் தந்தையார் கட்டிய வீட்டின் மொட்டை மாடியில், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காய் ஊறிய நீர் தெளித்து நாள்கணக்கில் தட்டி, அதன்மேல் தட்டோடு பதித்திருந்தார்கள். சித்திரை வெயிலிலும் அந்தக் கூடத்தில் படுத்து உறங்கியிருக்கிறேன். இங்கே ஏசி இல்லாமல் ஓர் இரவு கழியாது. இதில் எங்கள் அக்கறையின்மை எங்கே வந்தது?

மத்திய அரசு 2018இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு தாங்கள் அறியாததன்று. நம்முடையதைப் போன்ற வெப்பப் பகுதிகளில், கூரை நீங்கலாகச் சுவர், சன்னல் வழியே உள்ளே வரும் வெப்பத்தின் அளவு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்று அது வரையறுக்கிறது. எந்தத் திசையில் எவ்வளவு கண்ணாடி, எத்தனை அடி நிழல், எந்தக் கல்லில் சுவர் என்பவற்றை வைத்து வரைபடம் போடும்போதே செய்யவேண்டிய கணக்கு அது. சாவி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைபவரால் அதில் ஒரு செங்கல்லைக் கூட மாற்ற முடியாது.

தண்ணீர் விஷயம் இதைவிடக் கொடியது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 135 லிட்டர் என்று கணக்கிடும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அதில் 45 லிட்டரைக் கழிப்பறைக்கென்றே ஒதுக்குகிறது. அந்த 45 லிட்டருக்குச் சுத்திகரித்த கழிவுநீரே போதும். எங்கள் வளாகத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. ஆனால் அந்த நீர் கழிப்பறைத் தொட்டிகளுக்குப் போகத் தனிக் குழாய் பதிக்கவே இல்லை. இப்போது பதிப்பதென்றால் 84 வீடுகளிலும் சுவரை உடைக்க வேண்டும். ஆகவே சுத்திகரித்த நீரில் செடிகளுக்குப் போக மீதியை வெளியே விட்டுக்கொண்டு, குடிக்கவும் கழிப்பறையில் கொட்டவும் லாரித் தண்ணீரை வாங்குகிறோம். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. எங்களுக்குக் கிடைத்ததோ களிமண்ணில் நான்கடி ஆழத்தில் தோண்டிய குழிகள். மணல் வரும்வரை இறக்காததால் ஒரு மழைக்கே நிரம்பி, தண்ணீர் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிடும். செயலாளராக இருந்தபோது, சங்கப் பணத்தில் இரண்டு குழிகளை ஆழப்படுத்தினோம். அக்கறையில்லாதவர்கள் செய்த வேலை அது, ஐயா.

ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட 2019ஆம் ஆண்டிலும், அடுக்குமாடிவாசிகள் நீரை வீணடிக்கிறார்கள் என்று தங்கள் இதழ் எழுதியது. அப்போதும் இந்தக் குழாய் விவகாரத்தை விளக்கி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அது வெளிவரவில்லை, பதிலும் இல்லை. தங்களுக்கு இடநெருக்கடி இருந்திருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அதே பழியை இரண்டாம் முறையும் படிக்க நேர்ந்ததால்தான் மீண்டும் எழுதத் துணிந்தேன்.

தங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. பசுமைச் சான்றிதழ் திட்ட நிலையில் வரைபடத்தை வைத்து முன்கூட்டியும் தரப்படுகிறது, கட்டி முடித்த பின் சரிபார்த்தும் தரப்படுகிறது என்பது தங்களுக்குத் தெரியும். எங்களுக்குக் காட்டப்பட்டது முதலாவது. இரண்டாவதை இன்றுவரை யாரும் காட்டவில்லை. இனி அந்த இணைப்பில் எந்தக் குடியிருப்பைப் பசுமைக் கட்டடம் என்று அறிமுகப்படுத்தினாலும், அதற்குக் கிடைத்திருப்பது இவ்விரண்டில் எது என்று ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
மேடவாக்கம், சென்னை.