கல்லறைகளில் செடி வைக்க எங்களுக்கு இடம் கொடுங்கள்

அமெரிக்க நகரங்களின் பழைய கல்லறைத் தோட்டங்களை நிர்வகிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் வளாகங்களில் புல் மூடிக் கிடக்கும் தொட்டில் கல்லறைகளை, அதாவது நடுவே செடி வைக்க மண் விட்டுக் கட்டிய கல்லறைகளை, அக்கம்பக்கத்து மக்களிடம் ஒப்படையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பிலடெல்பியாவின் வுட்லண்ட்ஸில் 2016 முதல் இது நடக்கிறது. 1840-இல் கல்லறைத் தோட்டமாவதற்கு முன்பு அது வில்லியம் ஹாமில்டன் என்ற செடிப் பித்தரின் பண்ணை. அங்கே ஒரு கல்லறைக்கு நானும் தண்ணீர் ஊற்றுகிறேன். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல், இரண்டையும் சேர்க்கும் தாழ்வான விளிம்பு, நடுவே மண். பார்த்தால் கட்டில் போலவே இருக்கும். குடும்பத்தார் பூச்செடி வைக்கத்தான் அந்த மண்ணை விட்டிருந்தார்கள். பிள்ளைகள் வேறு ஊர் போனார்கள், பேரன் பேத்திகளும் காலமானார்கள். அப்புறம் யார் வருவது?

இப்போது தன்னார்வலர்கள் ஆளுக்கொரு கல்லறையை ஏற்றுக்கொள்கிறோம். அந்தக் காலத்துத் தோட்டங்களில் இருந்த டாஃபடில், வயலட், ஃபாக்ஸ்குளோவ் போன்றவற்றை நடுகிறோம். கல்லில் பெயர் உள்ளவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று பழைய ஆவணங்களில் தேடுகிறோம். என் பொறுப்பில் இருப்பது ஒரு சிறுமி. இடுகாட்டுக்குப் போய் வந்தால் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வா என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனால் இன்று வெளியூர் போவதென்றால், “பிள்ளைக்குத் தண்ணி ஊத்திடுங்க” என்கிற அர்த்தத்தில் பக்கத்துக் கல்லறைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஒரே தெருவில் குடியிருந்தும் அவரோடு பேச்சு தொடங்கியது அங்கேதான்.

இறந்தவர்களுக்கு இது அவமரியாதை ஆகாதா என்று சிலர் தயங்கலாம். 1831-இல் பாஸ்டன் அருகே மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தைத் தொடங்கியதே மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கம்தான். பொதுப் பூங்காக்கள் வருவதற்கு முன் நகர மக்கள் காற்று வாங்கப் போனது இத்தகைய இடங்களுக்குத்தான். சந்ததியார் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள், அது முறை.

பணக் கவலையும் உண்மையானது. மனைகள் விற்றுத் தீர்ந்தால் வருமானம் நின்றுவிடும், பராமரிப்பு நிற்காது. இதே பிலடெல்பியாவில் மவுண்ட் மொரையா கல்லறைத் தோட்டம் 2011-இல் பொறுப்பேற்க ஆளில்லாமல் மூடப்பட்டது. அதன் பிறகு புதரை வெட்டி வழி உண்டாக்கியவர்கள் தன்னார்வலர்கள். அந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

முதல் ஆண்டு பத்துக் கல்லறைகள் போதும். விளிம்புக்கல் ஆடாத, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உள்ளவையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கோடையில் பூவாளியைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடக்க வயதானவர்களால் முடியாது. டாஃபடில் கிழங்கை இலையுதிர் காலத்திலேயே ஊன்ற வேண்டும், அதனால் அறிவிப்பைக் கோடைக்குள் வாசலில் ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
மேற்கு பிலடெல்பியாவிலிருந்து ஒரு கல்லறைத் தோட்டக்காரன்