சான்றிதழோடு நிறுத்திவிடாதீர்கள்: கம்பெனி பதிவு செய்து தருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒரே ஒருவர் மட்டும் உறுப்பினராக இருக்கும் 'ஒரு நபர் கம்பெனி'யைப் பதிவு செய்து தரும் ஆடிட்டர்கள், கம்பெனி செக்ரட்டரிகள், ஆலோசகர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பேக்கேஜிங் டிசைன் செய்கிறேன். தொடங்கிய நாளிலிருந்து தனியாள்தான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் பிரிவில், "பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால்தான் வெண்டர் கோட் தருவோம்" என்றார்கள். அவர்களுடைய சப்ளையர் பட்டியலில் சேர்வதற்கான எண் அது. சரி என்று ஒரு நபர் கம்பெனி பதிவு செய்தேன். உங்களைப் போன்ற ஒருவர்தான் செய்து கொடுத்தார். ஆதார், பான், போட்டோ, இபி பில், டிஜிட்டல் கையெழுத்து, அப்புறம் வீட்டு ஓனரின் தடையில்லாக் கடிதம். அந்தக் கடிதம் வாங்கத்தான் கொஞ்சம் பாடுபட்டேன். கம்பெனி என்றதுமே மின் இணைப்பைக் கமர்ஷியலாக மாற்றிவிடுவார்களோ என்று ஓனருக்குப் பயம். மற்றபடி இரண்டு வாரத்தில் பதிவுச் சான்றிதழ் மெயிலில் வந்துவிட்டது. அதுவரை நடந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சான்றிதழ் வந்த மறுநாளிலிருந்து நான் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

பதிவான 180 நாளுக்குள் பங்குப் பணத்தைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் போட்டு, தொழில் தொடங்குவதாக ஐஎன்சி-20ஏ படிவத்தில் அறிவிக்க வேண்டும். அது இல்லாமல் கம்பெனி தொழிலே தொடங்கக் கூடாது. தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம் என்கிறது சட்டம். ஒரு நபர் கம்பெனி என்றால் அதில் பாதிக்கு மேல் போகாது, ஆனாலும் எனக்கு அது சின்னத் தொகை இல்லை. வேறொரு வேலையாகப் பேசிக்கொண்டிருந்த தோழி ஒருத்தி, "இருபதுஏ போட்டாச்சா?" என்று கேட்டபோது எனக்குக் கையில் பத்தே நாள்தான் இருந்தது. அவள் கேட்டிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் பிரைவேட் லிமிடெட் தொடங்கக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். பெயருக்கு ஒரு பங்கை மனைவியிடமோ அண்ணனிடமோ கொடுத்துச் சமாளித்தார்கள். 1896இல் லண்டனில் தீர்ப்பான சாலமன் வழக்கிலும் கதை இதேதான். காலணித் தொழில் செய்த அந்த மனிதருக்கு 20,001 பங்கு, மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. அன்றைய சட்டம் ஏழு பேர் கேட்டது, ஏழு பேரைக் காட்டினார். நம் நாட்டில் 2005இல், கம்பெனிச் சட்டத்தைச் சீரமைக்க அரசு அமைத்த ஜே.ஜே. இரானி குழு ஒரே ஆள் கம்பெனியைப் பரிந்துரைத்தது. 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தில் அது இடம்பிடித்து, 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2021இல் மூலதன, விற்பனை உச்சவரம்புகளையும் எடுத்துவிட்டார்கள். என்னைப் போன்ற தனியாளுக்கு இது பெரிய கதவு. திறந்து உள்ளே விடுகிற நீங்கள் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முதலில் பணம். கம்பெனி வேறு ஆள், நான் வேறு ஆள். சாலமன் வழக்கு நிலைநாட்டியதே இதைத்தான். இதை எனக்கு யாராவது இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். முதல் வருடம் முழுக்கக் கம்பெனியின் டெபிட் கார்டைத்தான் மளிகைக்கும் அம்மாவின் மாத்திரைக்கும் தேய்த்தேன். உழைப்பு என்னுடையது, கணக்கில் வந்த பணமும் என்னுடையது என்றுதான் நினைத்தேன். வருடக் கடைசியில் தணிக்கைக்கு வந்த ஆடிட்டர் வங்கி ஸ்டேட்மென்டில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் வட்டம். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, "இது எதற்கு? இது?" என்று கேட்டார். அம்மாவின் மாத்திரைக்கு என்னால் வாய் திறந்து பதில் சொல்ல முடியவில்லை. கம்பெனியிலிருந்து நான் பணம் எடுப்பதென்றால் சம்பளமாக எடுக்கலாம், லாபத்தில் டிவிடெண்டாக எடுக்கலாம். கம்பெனிக்காக என் கைக்காசைச் செலவழித்திருந்தால் பில் வைத்துத் திரும்ப வாங்கலாம். கடன் என்று எழுதினால் அதற்குத் தனியே கட்டுப்பாடுகளும் வரிச் சிக்கலும் உண்டு. இவ்வளவுதான் விஷயம், முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வட்டம்கூட விழுந்திருக்காது.

அடுத்தது நாமினி. ஒரே உறுப்பினர் இறந்தாலோ ஒப்பந்தம் செய்யும் திறனை இழந்தாலோ அந்த இடத்துக்கு வரப்போகிறவர் இவர். அவர் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் கம்பெனியே பதிவாகும். என் தம்பியிடம் ஐஎன்சி-3 படிவத்தை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து போடுடா" என்றேன். எனக்குச் சொல்லப்பட்டதும் அப்படித்தான். ஒரு வருடம் கழித்து அவன் நண்பன் தன் கம்பெனிக்கு அவனை நாமினியாகக் கேட்டான். விசாரித்தபோதுதான், ஒருவர் ஒரு கம்பெனிக்கு மேல் நாமினியாக இருக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி போன் செய்து, "அக்கா, அன்றைக்கு நான் எதில்தான் கையெழுத்துப் போட்டேன்?" என்று கேட்டான். அவன் கோபப்படவில்லை. நான் இல்லாமல் போனால் கம்பெனி அவன் கைக்கு வரும், வந்த 15 நாளில் அவனும் ஒரு நாமினியைச் சொல்ல வேண்டும், விருப்பம் இல்லாவிட்டால் இப்போதே எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்றெல்லாம் அப்புறம் நானே படித்துச் சொன்னேன். நாமினியையும் ஒரு முறை நேரில் வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் போனிலாவது பேசுங்கள். சாவைப் பற்றிய பேச்சு என்று தயங்க வேண்டாம். அந்தப் படிவமே அதற்குத்தான்.

வருடாந்தர வேலைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒரு ரூபாய் வரவு இல்லாவிட்டாலும் தணிக்கை கட்டாயம். நிதியாண்டு முடிந்து 180 நாளுக்குள் கணக்கறிக்கையைத் தாக்கல் செய்யும் ஏஓசி-4 படிவம், அதன்பின் ஆண்டறிக்கைக்கான எம்ஜிடி-7ஏ. தாமதமானால் படிவம் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். இரண்டு படிவமும் ஒரு வருடம் தாமதம் என்றால் 73,000 ரூபாய். பதிவுக்கு வருகிறவரிடம், 15 லட்சம் ரூபாய் மூலதனம் வரை கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவுக் கட்டணம் கிடையாது என்று சொல்கிறீர்கள். உண்மைதான். அதே மூச்சில் இந்த 73,000 கணக்கையும் சொல்லுங்கள். ஆர்டர் எதுவும் வராமல் கம்பெனியைச் சும்மா போட்டுவைத்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். தொழில்தான் நடக்கவில்லையே, எதைத் தாக்கல் செய்வது என்று இருந்துவிடுகிறார்கள்.

பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்கிற வார்த்தையையும் கவனமாகச் சொல்ல வேண்டும். கம்பெனி நொடித்தாலும் வீடு தப்பும் என்று நம்பித்தான் பலரும் வருகிறார்கள். சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி விஷயத்தில் அது பெரும்பாலும் சரி. ஆனால் சின்னக் கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி இயக்குநரின் சொந்த ஜாமீனைக் கேட்கும். போட்ட கையெழுத்தோடு அந்தக் கடன் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கம்பெனியிடம் வசூலிக்க முடியாத வருமான வரியும் ஜிஎஸ்டியும் இயக்குநர் மேலேயே வரலாம். தன் பக்கம் அலட்சியமோ தவறோ இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு பதிவு செய்கிறவரும், தெரியாமல் பதிவு செய்கிறவரும் ஒரே மாதிரி முடிவெடுக்க மாட்டார்கள்.

சிலருக்குக் கம்பெனியே வேண்டியதில்லை. கடன் வாங்கும் எண்ணம் இல்லாமல், வாடிக்கையாளரும் கேட்காமல், வருமானமும் குறைவாக இருக்கிற ஒருவருக்குச் சொந்தப் பெயரில் செய்யும் தொழில், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, தேவைப்பட்டால் ஜிஎஸ்டி, இதுவே போதும். தனி நபருக்கு வருமான வரியில் ஆரம்ப விலக்கு வரம்பு இருக்கிறது, கம்பெனிக்கு லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே வரி. அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால், "இப்போதைக்கு வேண்டாம், இரண்டு வருடம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். உங்களுக்கு ஒரு கட்டணம் குறையும், தெரிந்துதான் கேட்கிறேன்.

பதிவு செய்துகொள்வது என்றே முடிவானால், பணம் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தாள் கொடுங்கள். தமிழில், அவருக்குப் புரிகிற மாதிரி. 180 நாள் கெடு எந்தத் தேதியில் முடிகிறது, தணிக்கைக்கு வருடம் எவ்வளவு ஆகும், எந்தெந்தப் படிவம் எந்த மாதம், தாமதித்தால் நாளுக்கு எவ்வளவு, மூட வேண்டும் என்றால் எவ்வளவு. கம்பெனியின் பெயரை நீக்கக் கொடுக்கும் எஸ்டிகே-2 விண்ணப்பத்துக்கே 10,000 ரூபாய் கட்டணம் இருக்கிறது. தாளின் கடைசியில் நாமினி கையெழுத்துப் போட ஓர் இடம் விடுங்கள், சட்டம் கேட்காவிட்டாலும்.

என் கம்பெனி நன்றாகத்தான் நடக்கிறது. போன மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்து, கம்பெனி பதிவு செய்ய யாரைப் பார்க்கலாம் என்று கேட்டாள். தையல் வேலையில் நல்ல கைகாரி. அவளுக்காக அந்தத் தாளை நானே கையால் எழுதிக் கொடுத்தேன். உங்களில் யாரிடமாவது அவள் அதை நீட்டினால், விட்டுப்போனதைச் சேர்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு நபர் கம்பெனி ஒன்றின் உரிமையாளர்