கல்லூரிக்கு ஒரு பொது ரெப்போ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு, அதாவது நிரலை எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்த மென்பொருள்களுக்கு, பங்களித்தால் வேலை கிடைக்கும் என்ற பேச்சு இப்போது நம் பொறியியல் கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது. நல்ல பேச்சுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் பங்களிப்பு என்றால் என்ன, எங்கே ஆரம்பிப்பது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று எதையும் சொல்லித்தராமல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கணக்குத் தொடங்கு, நாலு புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) போடு, ஸ்கிரீன்ஷாட் கொண்டு வா என்று பிள்ளைகளை அனுப்பிவிடுகிறோம். அவர்கள் போய் நிற்பது உலகம் முழுக்கப் பயன்படும் ஏதோ ஒரு பெரிய திட்டத்தின் வாசலில். அங்கே இருப்பவர்களோ பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்து இரவில் கோடு (நிரல்) பார்க்கிறவர்கள்.

இதனால் நடந்ததைச் சொல்கிறேன். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு விழாவை நடத்துகிறது. 2020-ல் நாலு புல் ரிக்வெஸ்ட் போட்டால் டி-ஷர்ட் என்றிருந்தது. சுலபமாகப் போடுவது எப்படி என்று ஒரு யூடியூப் வீடியோ காட்ட, ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ‘அருமையான ப்ராஜெக்ட்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியவை வந்து குவிந்தன. மாதம் பிறந்து சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்களில் செய்தால்தான் கணக்கு என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அப்புறம் 2024-ல், இணையச் செயலிகளை உருவாக்க உதவும் எக்ஸ்பிரஸ் திட்டம். நோட் ஜேஎஸ் படித்த எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதன் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஏராளமான கோரிக்கைகள் போயின, அதில் நிறைய நம் நாட்டு மாணவர்களுடையவை. பாடம் நடத்திய வீடியோவில் அந்தத் திட்டத்தின் ரெப்போவை, அதாவது அதன் கோடு இருக்கும் சேமிப்பிடத்தை, உதாரணமாகக் காட்டினார்கள், பிள்ளைகள் பார்த்ததை அப்படியே செய்தார்கள். அவர்களை இணையத்தில் கேலி செய்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பழகிப் பார்க்க ஓர் இடம் இருந்திருந்தால் அங்கே ஏன் போகப் போகிறார்கள்?

அந்த இடத்தை ஒவ்வொரு துறையும் தானே உருவாக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. செலவு ஒன்றும் இல்லை, கிட்ஹப்பில் பலர் சேர்ந்து நிர்வகிக்கும் ஆர்கனைசேஷன் கணக்கு இலவசம். ஆனால் அது ஆர்கனைசேஷன் கணக்காகத்தான் இருக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், இறுதியாண்டில் ஆர்வமுள்ள ஒரு மாணவர் தன் சொந்தக் கணக்கில் ரெப்போ தொடங்குவார், ஜூனியர்கள் சேர்வார்கள், மே மாதம் அவர் வேலைக்குப் போவார், அதோடு யாருக்கும் மெர்ஜ் செய்யும், அதாவது மாற்றங்களை ஏற்று இணைக்கும், அனுமதி இல்லாமல் எல்லாம் நின்றுபோகும். உரிமையாளராக ஓர் ஆசிரியரும் இரண்டாம் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரும் எப்போதும் இருக்க வேண்டும், ஆண்டு முடியும் முன் சாவி கைமாற வேண்டும்.

மெயின் பிராஞ்சில், அதாவது கோடின் முதன்மைப் பிரதியில், யாரும் நேரடியாக மாற்றத்தை ஏற்ற (புஷ் செய்ய) முடியாதபடி பூட்டிவிடுங்கள். பொது ரெப்போவுக்கு அந்த வசதியும் இலவசம்தான். ஒருவராவது படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மெர்ஜ் என்ற ஒரே விதி பாதிப் பாடத்தைத் தானாகவே நடத்திவிடும். லைசென்ஸ் கோப்பு முதல் நாளே இருக்க வேண்டும், ஏனென்றால் அது இல்லாத கோடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாலும் மற்றவர் எடுத்துப் பயன்படுத்தச் சட்டப்படி உரிமை இல்லை, அதை ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லவே முடியாது. பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (ஒரு சேவையை நிரல் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி) விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். தவறிப்போய் அவை கமிட் ஆகிவிட்டால் (ரெப்போவின் வரலாற்றில் பதிவாகிவிட்டால்) அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே கிடக்கும், அந்தக் கீயையே ரத்து செய்தால்தான் தீரும். ஒவ்வொரு கமிட்டிலும் மாணவரின் மின்னஞ்சல் முகவரி பதிவாகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதை மறைக்க கிட்ஹப்பே ஒரு மாற்று முகவரி தருகிறது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சரி, உள்ளே என்ன வேலை இருக்கும்? பெயர் சேர்க்கும் பட்டியல் முதல் நாள் பயிற்சிக்குப் போதும். ஃபோர்க் (தன் கணக்கில் நகல் எடுப்பது), பிராஞ்ச் (அதில் தனிக் கிளை தொடங்குவது), கமிட், புல் ரிக்வெஸ்ட் என்று ஒரு சுற்று போய்வர ஃபர்ஸ்ட் கான்ட்ரிபியூஷன்ஸ் என்ற ரெப்போவே அதற்கென்று இருக்கிறது. இரண்டாம் நாளிலிருந்து உண்மையான வேலை வேண்டும். உதாரணத்துக்கு, பைதான் நிரல்மொழியில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று வரும். நமக்கோ அது மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் ‘மி’ என்பது ம-வும் இகரக் குறியும், ‘ழ்’ என்பது ழ-வும் புள்ளியுமாக இரண்டிரண்டாக இருப்பதால் அப்படி. எழுத்தை எழுத்தாகப் பிரித்து எண்ணும் ஒரு சிறு ஃபங்ஷன் (நிரல் துண்டு), அதற்கு பத்து டெஸ்ட், ‘ஸ்ரீ’ வந்தால் என்ன ஆகும், நடுவில் ஆங்கில எழுத்து வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது, இதெல்லாம் முதலாண்டு மாணவரால் முடியும். இதையே செய்யும் ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பு பொதுவில் இருக்கிறது, எழுதி முடித்தபின் அதன் கோடைத் திறந்து அவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் படிக்கலாம். அப்படிப் படித்த பிள்ளை ஒரு நாள் அங்கே ஒரு குறையைக் கண்டுபிடித்து எழுதினால் அதை யாரும் குப்பை என்று சொல்ல மாட்டார்கள்.

இஷ்யூ, அதாவது குறை அல்லது செய்ய வேண்டிய வேலை பற்றிய குறிப்பு, எழுதுவதிலும் அக்கறை வேண்டும். ‘லாகின் வேலை செய்யவில்லை, சரிசெய்க’ என்று ஒரு வரியில் போட்டால் புதிதாக வரும் பிள்ளைக்கு எதுவும் புரியாது. எந்தக் கோப்பு, இப்போது என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், எப்படிச் சோதிப்பது என்பதைத் தமிழிலேயே எழுதலாம், தப்பில்லை. கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழி படித்துவிட்டு வந்த மாணவர் கோடுக்குப் பயப்படுவதில்லை, அதைச் சுற்றி இருக்கும் ஆங்கிலத்துக்குத்தான் பயப்படுகிறார்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது பதில். ஒரு பிள்ளை முதல் புல் ரிக்வெஸ்ட்டை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தால் இரண்டாவது வராது. இந்த வாரம் பார்ப்பது யார் என்று முறை போட்டு, நிராகரித்தாலும் ஏன் என்று நாலு வரி எழுத வேண்டும். மதிப்பெண் தருவதாக இருந்தால் எத்தனை அனுப்பினார் என்று எண்ணாதீர்கள். அடுத்தவர் கோடைப் படித்து அவர் எழுதிய கருத்துகளுக்கும், கருத்து வந்தபின் தன் கோடைத் திருத்திய விதத்துக்கும் கொடுங்கள். எல்லாம் கமிட் வரலாற்றிலும் உரையாடலிலும் தேதியோடு இருக்கிறது, ஆசிரியர் தனியாக ரெக்கார்டு நோட்டு கேட்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை என்பார்கள். உண்மைதான், அவர்கள் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. அதற்கு வெளியில் ஆள் இருக்கிறார்கள். லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரின் சென்னைக் குழு, விழுப்புரத்தில் இயங்கும் அதே போன்ற குழு, தமிழில் ஓப்பன் சோர்ஸ் பற்றிச் சொல்லித்தரும் கணியம் அறக்கட்டளை என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர விருப்பமுள்ளவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. தங்கள் கல்லூரியில் படித்துவிட்டு மென்பொருள் துறையில் இருக்கும் பழைய மாணவர்களும் உண்டு, கேட்டால் சனிக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து ரிவியூ செய்ய மறுக்க மாட்டார்கள். துறைத் தலைவர்கள் அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்ட் தலைப்புகளை ஒட்டும் முன் இவர்களில் ஒருவருக்காவது எழுத வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர்,
கோயம்புத்தூர்.