பட்டியலின் கீழ்ப்பாதியையும் அச்சிடுங்கள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கும் சம்பந்தி வீட்டுக் குடும்ப வரலாற்றுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தவள் எழுதுகிறேன். மாப்பிள்ளையின் முன்னோர் ஒருவரைப் பற்றி நீங்கள் தொகுத்திருக்கும் நூலின் மெய்ப்புப் படியை மகள் அனுப்பியிருந்தாள். பருத்தியும் சோளமும் பயிரிட்டவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட் படையில் சேர்ந்து, விக்ஸ்பர்க் நகர முற்றுகையில் அரைவயிற்றோடு கிடந்தவர். 1863 ஜூலை 4 அன்று நகரம் சரணடைந்ததும், இனி ஆயுதம் எடுப்பதில்லை என்ற பரோல் சீட்டில் கையெழுத்துப் போட்டு வீடு திரும்பியவர். அவருடைய ரெஜிமெண்ட் நடந்த வழியைக்கூட விடாமல் தேடி எழுதியிருக்கிறீர்கள். அந்த உழைப்பை மனதார மதிக்கிறேன்.

ஆனால் அவருடைய தகப்பனார் காலமானபின் 1857இல் கோர்ட்டில் கொடுத்த சொத்துப் பட்டியலின் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. இரண்டு கோவேறு கழுதை, ஏர்க் கலப்பை, ஒரு கட்டில், ஒரு சுவர்க் கடிகாரம். படம் அதோடு முடிந்துவிட்டது. மூலப் பக்கம் கடிகாரத்தோடு முடியவில்லை. போன வருடம் மகள் கோர்ட்டுக்கே போய் எடுத்த போட்டோ என்னிடம் இருக்கிறது. கடிகாரத்துக்குக் கீழே இன்னும் ஏழு வரிகள், அந்த வீட்டு அடிமைகள். பெயர், வயது, விலை. ஐந்தாவது வரியில் ஒரு தாயும் அவள் கைக்குழந்தையும். இருவருக்கும் சேர்த்து ஒரே விலை.

முப்பத்தொரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள் நான். தபசிலில், அதாவது சொத்து விவரத்தில், ஒரு கிணறு விட்டுப்போனாலே எழுதிய பத்திரத்தைத் திருப்பி அனுப்புவோம். நீங்கள் ஏழு வரிகளை வெட்டியிருக்கிறீர்கள். கீழ்ப்பாதியையும் அச்சிடுங்கள்.

மகள் கேட்டதற்கு, இது ரத்த உறவுகளுக்கான நூல் என்று பதில் வந்ததாம். எனக்கும் உங்களுக்கும் என்ன ரத்த உறவு? பெண்ணின் தாய் என்று என் பெயரைப் போட்டிருக்கிறீர்களே. கோவேறு கழுதைக்கு இடம் இருக்கிறது, கடிகாரத்துக்கு இடம் இருக்கிறது, அந்தத் தாய்க்கு மட்டும் இல்லையா?

1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயர்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அடிமைகளுக்கு வயது, பால், நிறம் இவ்வளவுதான், பெயர் அபூர்வம். விடுதலை பெற்றவர்கள் எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கெடுப்பு 1870. அந்த வீட்டில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பின்னோக்கித் தேடிப் போனால் 1870இல் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அதற்கு முந்தைய பெயர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும்தான் கிடைக்கின்றன. விலை போட வேண்டியிருந்ததால் பெயர் எழுதினார்கள். அந்தக் கைக்குழந்தை பிழைத்திருந்தால் 1870இல் பதின்மூன்று பதினான்கு வயது. அந்தப் பிள்ளையின் வழிவந்தவர்கள் இன்றும் உங்கள் கவுண்டியிலேயே, அதாவது உங்கள் மாவட்டத்திலேயே, இருக்கலாம். அவர்கள் தேடும் தாளைத்தான் நீங்கள் பாதியில் வெட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் மாநிலத்துக்குக் குடும்ப மரம் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. ஜோன்ஸ் கவுண்டி விவசாயி நியூட்டன் நைட், கான்ஃபெடரேட் படையை விட்டு வந்து அதையே எதிர்த்து நின்றவர். தன் தாத்தா வீட்டில் அடிமையாக இருந்த ரேச்சலோடு பின்னாளில் குடும்பம் நடத்தினார். கறுப்பரும் வெள்ளையரும் மணப்பது அங்கே குற்றமாக இருந்த காலம். ரேச்சலின் கொள்ளுப்பேரன் டேவிஸ் நைட் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்ததற்காக 1948இல் ஐந்து வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். ரேச்சலின் ரத்தம் அவர் உடம்பில் எத்தனை பங்கு என்பதே வழக்கு. மறு வருடம் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தண்டிக்க வேண்டியிருந்தபோது அடிமைப் பாட்டியின் பெயரைத் தேடி எடுக்கத் தெரிந்தது. நூலில் போடச் சொன்னால் மட்டும் ரத்த உறவு இல்லை என்கிறீர்கள். எனக்கு ஆறவில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போரில் நின்ற உங்கள் பெரியவரைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. என் பேத்தி அவர் வம்சம்தான், அவள் படிக்கப்போகும் நூல் இது. அந்தப் பட்டியலை முழுப் பக்கமாகப் போடுங்கள், ஏழு வரிகளில் உள்ள பெயர்களையும் நூலின் பெயர் அகராதியில் சேருங்கள். அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவை முதலில் வரவேண்டியது உங்கள் நூலில்தான். தெளிவான படம் மகளிடம் இருக்கிறது, கூடுதல் பக்கத்துக்கு ஆகும் செலவை நான் தருகிறேன்.

அச்சுக்குப் போவதற்கு முன் தயவுசெய்து ஒரு வரி பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி