முதல் மாதத்திலேயே முடிவு கேட்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில், உயிரணுக்களின் மரபணுக்களை மாற்றி அமைத்துப் புதிய வேலைகளைச் செய்ய வைக்கும் தொகுப்பு உயிரியல் ஆய்வில் இறங்கியுள்ள எட்டு இளநிலைக் கல்லூரி மாணவர்களுக்கு நான் வழிகாட்டியாக இருக்கிறேன். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதி இது. அந்த நீரால் பழுப்புக் கறை படிந்த பற்களை வீட்டிலும் தெருவிலும் பார்த்து வளர்ந்த இம்மாணவர்கள், புளோரைடு இருந்தால் நிறம் காட்டும் ஈ.கோலை பாக்டீரியாவை உருவாக்க விரும்புகிறார்கள். 2006ஆம் ஆண்டு ஐஜெம் என்ற பன்னாட்டு மாணவர் தொகுப்பு உயிரியல் போட்டிக்காக எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் குடிநீரில் ஆர்சனிக்கைக் கண்டறியும் பாக்டீரியாவை வடிவமைத்ததைப் படித்ததிலிருந்து பிறந்த ஆசை இது.

தொடங்கி ஐந்து வாரங்கள் ஆகின்றன. "இதுவரை என்ன கண்டுபிடித்தீர்கள், படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கல்லூரி நிர்வாகம் கேட்கும்போது மாணவர்கள் தலைகுனிந்து நிற்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. முதல் இரண்டு வாரங்கள் அவர்கள் ஆய்வுக்கட்டுரைகளைப் படித்தார்கள். மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாள்வதற்கான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி உயிர்ப்பாதுகாப்புக் குழுவுக்கு அளிக்க வேண்டிய விண்ணப்பத்தை எழுதினார்கள். உள்ளே புகும் புளோரைடை ஈ.கோலை தானே வெளியேற்றிவிடும் என்பதை அப்போதுதான் ஒரு மாணவி கண்டு சொன்னாள். வெளியேற்றிவிட்டால் நிறம் காட்டும் அளவுக்குப் புளோரைடு உள்ளே தங்காது; அது தெரியாமல் வேலையைத் தொடங்கியிருந்தால் பல மாதங்கள் வீணாகியிருக்கும்.

பிறகு, பயிற்சிக்காக, தீங்கற்ற ஆய்வக வகை பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட்டை, அதாவது புதிய மரபணுக்களைச் சுமக்கும் சிறு டி.என்.ஏ. வளையத்தை, செலுத்தப் பழகினார்கள். பனிக்கட்டியில் அரை மணி நேரம், 42 டிகிரி நீரில் 45 விநாடி, மீண்டும் பனிக்கட்டி. பிறகு அதை வளர்ப்புத் தட்டில் பரப்பி, மறுநாள் பார்த்தால் தட்டு முழுவதும் பாக்டீரியா அடர்ந்து வளர்ந்திருந்தது. எல்லோரும் மகிழ்ந்த வேளையில், பிளாஸ்மிட் சேர்க்காத ஒப்பீட்டுத் தட்டிலும் அதே வளர்ச்சி இருப்பதை ஒருவன் காட்டினான். பிளாஸ்மிட் பெறாத பாக்டீரியாவைக் கொல்ல வேண்டிய ஆம்பிசிலின் மருந்தை, தட்டில் ஊற்றும் அகார் கூழ் ஆறுவதற்கு முன்பே கலந்ததால், அது வெப்பத்தில் செயலிழந்திருந்தது. அந்தத் தட்டைப் பார்க்காமல் படம் எடுத்து அனுப்பியிருந்தால், நிர்வாகத்துக்குக் கிடைத்திருப்பது பொய்யான வெற்றிச் செய்திதான். என் கணிப்பில், இந்த ஐந்து வாரங்களில் அவர்கள் செய்த மிகச் சிறந்த வேலை அந்தப் பிழையைக் கண்டுபிடித்ததே.

கல்லூரி நிர்வாகங்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக இரண்டு வேண்டுகோள்கள். முதல் பருவத்தில் முடிவுகளைக் கேட்காமல் மாணவர்களின் ஆய்வகக் குறிப்பேட்டை வாங்கிப் படியுங்கள். சனிக்கிழமை மாலை அடைகாப்பானில் வைக்கும் தட்டை ஞாயிறு காலையில் எடுத்தாக வேண்டும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆய்வகத்தைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இங்ஙனம்,
வழிகாட்டி ஆசிரியர்,
தர்மபுரி மாவட்டம்.