பெயர் தெரியாத 43 படங்கள்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாயிக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன ஹார்ட் டிஸ்கில் வீட்டுப் படங்களை ஏற்றி ஒரு வழியாக அடுக்கிவிட்டேன். நீ சொன்னபடி முதலில் தேதிவாரியாகத்தான் பிரித்தேன். சரியாக வரவில்லை அம்மாடி. 2018 நவம்பரில் கஜா புயலில் ஓடு பறந்து பீரோ நனைந்த பிறகு, ஒட்டிப்போன ஆல்பங்களைப் பிரித்தெடுத்து ஸ்கேன் பண்ணினோமே, அந்தப் படங்கள் அத்தனையும் 2019 பிப்ரவரியில் போய் உட்கார்ந்துவிட்டன. அப்பாயி கல்யாணமும் உன் காதுகுத்தும் பக்கத்துப் பக்கத்தில். ஸ்கேன் பண்ணிய நாளைத்தான் கம்ப்யூட்டர் படம் எடுத்த நாளாக எடுத்துக்கொள்கிறது.

வாட்ஸ்அப்பில் வந்தவையும் அப்படித்தான். படத்தைச் சுருக்கி, உள்ளே பதிந்திருக்கும் தேதியையும் உதறிவிட்டு அனுப்புகிறது. இனி பேரன் படங்களை டாக்குமென்டாக அனுப்பு, எடுத்தது எடுத்தபடி வரும்.

அதனால் நானே ஃபோல்டர்களுக்குப் பெயர் வைத்தேன். வருஷம், மாதம், நாள், அப்புறம் விசேஷம்: ‘2004-05-23 காதுகுத்து’ என்கிற மாதிரி. வருஷத்தை முன்னால் போட்டால்தான் வரிசையாக நிற்கிறது. தேதி தெரியாததற்கு வருஷம் மட்டும். ஒரே படம் ஏழெட்டு இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டேன். தாத்தா வரப்பில் நின்று சிரிக்கிற படம் மங்கல்தான், ஆனால் அவர் பல் தெரியச் சிரித்தது அது ஒன்றில்தான். அதை மட்டும் தொடவில்லை.

இவ்வளவும் செய்த பிறகு ‘யாரென்று தெரியவில்லை’ என்று ஒரு ஃபோல்டர் மிஞ்சியது. 52 படம். பென் டிரைவில் போட்டு டிவியில் அப்பாயிக்குக் காட்டினேன். முகத்தைப் பார்த்து அவர் யாரையும் சொல்லவில்லை. ஒரு படத்தில் கழுத்தைக் காட்டி, “அந்த அட்டிகை என் நாத்தனாரோடதுல்ல, அப்ப இவ அவ மகதான்” என்றார். இன்னொன்றில் பின்னால் தெரிந்த கிணற்றை வைத்து வீட்டைச் சொன்னார், வீட்டை வைத்து ஆளைச் சொன்னார். இப்படி ஒன்பது பேர் கிடைத்தார்கள். அவர் சொல்லச் சொல்ல, பெயரைப் படத்தின் பெயரிலேயே எழுதிவிட்டேன். போன் ஆப்பில் முகத்துக்குக் கொடுக்கிற பெயர் அந்த ஆப்போடு நின்றுவிடுகிறது. இது எங்கே காப்பி பண்ணினாலும் கூடவே போகும்.

மீதி 43. அப்பாயிக்கு எண்பத்தாறு வயதாகிறது. அவருக்கு அப்புறம் கேட்க நமக்கு ஆள் இல்லை. நான் கேட்டால் சீக்கிரம் அலுத்துக்கொள்கிறார். நீ கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் வா, நான் டிவியில் ஒவ்வொன்றாகப் போடுகிறேன். அவர் சொல்வதை அப்படியே ரெக்கார்டும் பண்ணிக்கொள்.

பொங்கலுக்கு வரும்போது இன்னொரு ஹார்ட் டிஸ்க் கொண்டுவா. ஒரு பிரதி உன் வீட்டில் இருக்கட்டும். இங்கேயே இரண்டு வைத்தால், மறுபடி ஒரு புயலில் இரண்டும் சேர்ந்துதான் நனையும்.

அந்த 43-ல் ஒரு படத்தில் மூன்று வயதில் நீ ஒரு அம்மாளின் இடுப்பில் இருக்கிறாய். அவர் யாரென்று எனக்கும் தெரியவில்லை, உன் அம்மாவுக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதையே முதலில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா