ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர்

எங்கள் பகுதி சூப்பர் மார்க்கெட் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பில் போடும் இடத்தில் நடந்த வாக்குவாதம் இந்நேரம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். புகார்ப் புத்தகத்திலும் மூன்று முறை எழுதியாயிற்று. அதனால் அதை விட்டுவிட்டு, உங்களிடம் வாங்கிய வெட்டிய பப்பாளி டப்பாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். கத்தி பிடிக்க வராது. நான் வேலைக்குப் போனபின் பகலில் சாப்பிட, வெட்டிய பழம் வாங்கி வைப்பேன். அன்று டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடை. அடியில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர், துண்டுகள் கொழகொழவென்று. அம்மா ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "கொஞ்சம் அதிகமா கனிஞ்சிடுச்சு போல" என்று உங்களை விட்டுக்கொடுக்காமல் பேசினார். நான் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதில் இரண்டு நாளுக்கு முந்தைய தேதி.

முழுப் பழத்துக்குத் தோல் காவல். வெட்டினால் அது போயிற்று. சாறு கசியும், கிருமிக்கு விருந்து. அன்னாசிக்காவது புளிப்பு இருக்கிறது. பப்பாளி, தர்பூசணி, கிர்ணிக்கு அதுவும் இல்லை. வெட்டியதிலிருந்தே 5 டிகிரிக்குள் வைத்தால்தான் சில நாள் தாங்கும். உங்கள் கடையில் குளிர்பெட்டி சாக்லேட்டுக்கும் கூல்டிரிங்க்ஸுக்கும்தான். பழ டப்பாக்கள் வாசல் பக்கம், உள்ளே வியர்த்தபடி நிற்கின்றன.

குளிரில் வைத்தாலும் தேதி வேண்டும். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜிலும் மெல்ல வளரும். 2011-இல் அமெரிக்காவின் கொலராடோவில் விளைந்த கிர்ணிப்பழம் வழியாகப் பரவி, 33 பேரைக் கொன்றது அதுதான். இறந்தவர்களில் பெரும்பாலோர் என் அம்மாவைப் போல வயதானவர்கள்.

நான் கேட்பது இரண்டுதான். டப்பாவைக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெட்டிய நாளையும் நேரத்தையும் டப்பாவில் போடுங்கள். அதன்மேல் இன்னொன்றை ஒட்டாதீர்கள்.

செல்போன் எண் சொல்லாமல் உங்களிடம் பில் வாங்க முடியாது. என் பிறந்தநாள் உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. காலை ஆறு மணிக்கே வாழ்த்து வந்துவிடுகிறது. பப்பாளி பிறந்த நாள் மட்டும் தெரியவில்லை. தெருமுனை வண்டிக்கார அண்ணனிடம் இந்த வம்பே இல்லை, கேட்டபின் கண்ணெதிரே வெட்டித் தருகிறார்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். உங்கள் கடைப் பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஒட்டச் சொன்னதை ஒட்டுகிறார்கள். வெட்டிய நாளும் நேரமும் டப்பாமேல் இருக்க வேண்டும், டப்பா குளிர்பெட்டிக்குள் இருக்க வேண்டும். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். இரண்டு ஸ்டிக்கரோடும் அந்த மூடியைக் கழுவி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை கொண்டுவருகிறேன், மேலாளர் அதை ஒரு முறை பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
அடுத்த தெரு வாடிக்கையாளர்